மருந்து கலந்த விதைநெல்

அந்த நெல்லைச் சமைத்துத் தின்னக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னேன் என்று பிறகு பொய் சொன்னேன். நடுவில் ஒரு சிறுமியின் நடை போயிற்று.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனிமேல் என்னைப் பற்றி நல்லதாக ஏதேனும் வந்தால், இதை மனத்தில் வைத்துக்கொண்டே நீங்கள் படிக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கிராம சேவக்காக இருந்தேன். வானகரத்துக்கும் திருவேற்காட்டுக்கும் இடையே சில சிற்றூர்கள் என் பொறுப்பு. சைக்கிளில் போவேன். புது ரக நெல்லை எப்படி விதைப்பது, நாற்றை எப்போது பிடுங்குவது, பூச்சி விழுந்தால் எதைத் தெளிப்பது என்று வரப்பில் நின்று சொல்வதுதான் வேலை.

முதல் வருடம் யாரும் என்னைச் சட்டை செய்யவில்லை. ஏழுமலை ஒருவர்தான் கேட்டார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கிணற்றோரம் இருந்த ஒரு மூலையை என்னிடம் விட்டு, "இந்தா சார், இதுல நீ சொல்ற மாரி செஞ்சி பாக்கலாம். வந்தா லாபம், வராங்காட்டி மாட்டுக்கு வைக்கோலு" என்றார்.

வந்தது. குட்டைப் பயிர், கதிரின் பாரம் தாங்காமல் தலை சாய்ந்து நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்து பார்த்தார்கள். அதன் பிறகு நான் சொன்னது அந்த ஊரில் எடுபட்டது. வேப்பம் பிண்ணாக்கு போடச் சொன்னால் போட்டார்கள். வரிசை பிடித்து நடச் சொன்னால் நடவு நட்ட பெண்கள் சிரித்துக்கொண்டே கயிறு கட்டி நட்டார்கள். அம்பத்தூர்ப் பக்கம் ஆலை வேலை தேடிப் போகலாம் என்றிருந்த சிலர், இன்னும் ஒரு போகம் பார்க்கலாம் என்று தங்கினார்கள்.

அந்த நம்பிக்கைதான்... அதைத்தான் நான் பிறகு பயன்படுத்திக்கொண்டேன்.

ஓர் ஆவணி மாதத்தில் விதைநெல் மூட்டைகள் வந்தன. நோய் வராமலிருக்க மருந்துத் தூள் கலந்த நெல். 'உண்ணத் தகாது' என்று பெரிய சாக்கின்மேல் அச்சடித்திருந்தது. ஆனால் சாக்கு கிடங்கில்தான் கிடந்தது. ஊர்க்காரர்கள் கொண்டுவந்த கோணிப்பைகளில்தான் நான் அளந்து போட்டேன். ஆகவே வாயால் சொல்ல வேண்டியிருந்தது. விதைத்து மிஞ்சினால் குழி தோண்டிப் புதையுங்கள், கழுவினாலும் விஷம் போகாது என்று ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் இதை அழுத்திச் சொல்லியிருந்தார்கள்.

அன்று மாலை ஆவடியில் எனக்குப் பெண் பார்க்கும் ஏற்பாடு. பெண்ணின் தகப்பனார் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தார். அம்மாவும் மாமாவும் எனக்காகப் பூந்தமல்லியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவசரமாக அளந்தேன். ஊறவைக்கும் முறையைச் சொன்னேன், நாற்றங்காலைச் சொன்னேன். விஷத்தை மட்டும் அடுத்த முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தேன்.

பெண் பிடித்திருந்தது. அடுத்த முறை போனபோது அந்த நினைப்பே எனக்கு இல்லை. நம்புவீர்களா? மறந்தே போனேன்.

ஏழுமலைக்குப் பாதி நிலத்துக்குத்தான் ஏரித்தண்ணீர் வந்தது. நெல் மிஞ்சிவிட்டது. ஐப்பசியில் வீட்டில் அரிசி இல்லை. அவர் மனைவி குப்பம்மாள் மிஞ்சிய நெல்லைக் கிணற்றடியில் அலசி அலசிக் கழுவி, அவித்துக் காயவைத்துக் குத்தினாள். கணவனும் மனைவியும் கேழ்வரகுக் கூழைக் குடித்துக்கொண்டார்கள். சோறு முழுவதும் மகள் செல்விக்கு. ஒரே பிள்ளை. ஏழெட்டு வயது.

கார்த்திகையில் செல்வி கால் பின்னி விழுந்தாள். பிறகு கையில் டம்ளர் நிற்கவில்லை. பேச்சு குழறியது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியர் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் நெல்லின் விஷயம் வெளியே வந்தது.

மேலதிகாரி ஜீப்பில் வந்தார். பூவரச மரத்தடியில் ஊரே கூடியிருந்தது. அவர் என்னைப் பார்த்து, "இவங்களுக்கு எச்சரிக்கை சொன்னீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

"சொன்னேன் சார். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுத ஆசை. அப்படி இல்லை. வேலை போகும், தை மாதத்துக் கல்யாணம் நிற்கும் என்று யோசித்துத்தான் சொன்னேன்.

ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தான் வருவதற்கு முன்போ, போன பின்போ சொல்லியிருப்பாரோ என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்கலாம். ஏழுமலை எழுந்து நின்றார். அவ்வளவுதான், தீர்ந்தேன் என்று நினைத்தேன்.

"சார் சொல்லாம வுட மாட்டாருங்க. அன்னிக்கி நான் காலீலயே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்தேன். சொல்லிகீறாரு, என் மண்டையில ஏறல."

அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? அப்படியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவர் அதை நம்பினார்! என்மீது வைத்த நம்பிக்கையில், தன் நினைவையே சந்தேகித்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் செல்வியை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள் குப்பம்மாள். புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"காதுல வுழுந்துமா என்கிட்ட சொல்லாம இருந்தே? என் கையால ஆக்கிப் போட்டேனேய்யா..."

அதுதான் நான் கேட்க, அவள் அவரிடம் கடைசியாகப் பேசியது. மகளைத் தூக்கிக்கொண்டு திருவேற்காட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏழுமலை கள்ளை அடியோடு விட்டார். பிறகு நிலத்தையும் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்பத்தூரில் ஓர் ஆலைக்குக் காவலாளியாகப் போனார்.

நான் அதே வேலையில் தொடர்ந்தேன். அதன் பிறகு விதைநெல் கொடுக்கும்போதெல்லாம் தண்டோரா போட்டேன். வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். சில ஊர்களில் என்னை 'விஷ சார்' என்றே அழைத்தார்கள். நல்ல சேவக் என்று மேலிடத்தில் பெயர் வாங்கினேன். வேறு பிள்ளைகள் சில அதனால் தப்பியிருக்கக்கூடும். அதைச் செல்வியின் கணக்கில் வரவு வைக்க முடியுமா? பலமுறை வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

சில வருடங்கள் கழித்து மனம் பொறுக்காமல் அம்பத்தூருக்குப் போனேன். ஆலை வாசலில் காக்கிச் சட்டையில் நின்ற ஏழுமலை என்னைக் கண்டதும் சிரித்தார். டீக்கடைக்கு அழைத்துப் போனார். சொன்னேன். பெண் பார்க்கப் போனதை, மறந்ததை, மரத்தடிப் பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் டீயை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

"எனக்காவ சொல்றே சார். என் மனசு ஆறட்டும்னு, பழிய நீ தூக்கிக்கினு வந்துகீறே. நீ நல்லவன் சார். எனக்குத் தெரியாதா உன்ன?"

"இல்லை, சத்தியமாக நான் சொல்லவே இல்லை" என்றேன்.

"வுடு சார். டீயக் குடி" என்றார்.

எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. டீக்கும் என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஒன்று புரிந்தது. குப்பம்மாளிடம் போய்ச் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஒரே வார்த்தையில் நம்பியிருப்பாள். நம்பினால், புருஷனை மன்னித்திருப்பாள். ஒருவேளை செல்வியை அழைத்துக்கொண்டு அவரிடம் திரும்பியும் போயிருப்பாள்... பிறகு என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

திருவேற்காடு எனக்குத் தூரமில்லை. அதே சைக்கிள்தான், பழகிய பாதைதான். என் மனைவி அங்குள்ள கோயிலுக்குப் போகலாம் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்; ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன்.

இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன். குப்பம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.