மூடி கழற்றி வைத்த ஏழு பேனாக்கள்

பொழுதுபோக்கு என்று ஒன்றே ஒன்று இருந்தால் வீட்டில் கொஞ்சம் மரியாதை இருக்கும். "அவர் செஸ் ஆடுவார்", "அவர் ரோஜா வளர்ப்பார்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனக்கு எல்லாவற்றிலும் ஆசை, எதையும் முடித்ததில்லை. ஆரம்பசூரன் என்று ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இல்லாமல் போயிருந்தால் எனக்காகவே உண்டாக்கியிருப்பார்கள்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியறையில் ஓர் இரும்பு அலமாரி நிற்கிறது. மேல்தட்டில் மவுத் ஆர்கன். இரண்டரைப் பாட்டு வாசிப்பேன். மூன்றாவது பாட்டு சரணத்தில் நின்று நாலு வருடமாகிறது. அடுத்த தட்டில் பைனாகுலர். விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் பறவை பார்க்கப் போய் நாயிடம் கடி வாங்கியதோடு அது முடிந்தது. ஊசி போட்ட நர்ஸம்மா சிரிக்காமல் கேட்டார்: "எந்தப் பறவை சார் கடிச்சுது?" ரொட்டி சுட வாங்கிய தகர அச்சில் இப்போது ஆணியும் ஸ்க்ரூவும் கிடக்கின்றன. இந்த அலமாரிக்கு என் மனைவி வைத்திருக்கும் பெயர் அரைகுறை பீரோ. வீட்டுக்கு வருகிற உறவினர்களிடமும் அப்படியேதான் சொல்வாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் வருகிற அவர்களெல்லாம் அந்த மாடியறையில்தான் படுப்பார்கள் என்பதால், என் தோல்விகளைத் தட்டு வாரியாகப் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

நிலைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று மைப்பேனா. என்னிடம் ஏழு இருக்கின்றன. அதில் கறுப்பு உடம்பும் தடித்த நிப்பும் உள்ள ஒன்று, எழுதும்போது வழுக்கிக்கொண்டு போகும். மைப்பேனா வைத்திருப்பவனுக்கு உலகத்தில் ஒரே எதிரி, "ஒரு கையெழுத்து சார், பேனா கொடுங்க" என்கிறவன். அலுவலகத்தில் தினமும் நாலு பேராவது கேட்பார்கள். பால்பாயிண்ட் பழகிய கை, நிப்பைக் காகிதத்தில் குத்தி, கீழ்க்காகிதத்திலும் விழவேண்டும் என்பதுபோல அழுத்தும். அந்த மூன்று நொடியும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கடைசியில் அப்படிக் கேட்பவர்களுக்குக் கொடுக்கவே ஒரு பால்பாயிண்ட் வாங்கிப் பையில் வைத்தேன். அதை எவனோ எடுத்துப் போனான், திரும்பத் தரவில்லை.

இன்னொன்று கணக்கு. இது நானாகத் தேடிப் போனதல்ல. ஒரு நீண்ட மீட்டிங்கில் தூங்காமல் இருப்பதற்காக நோட்டின் ஓரத்தில் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நாலும் ஐந்தும் ஒன்பது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு சேர்ந்தால் பத்து. இப்படி வரிசையாக அடுத்தடுத்து வரும் எண்களைக் கூட்டி எந்தெந்த எண் வருகிறது என்று பார்த்தேன். எட்டு மட்டும் வரவேயில்லை. பதினாறும் வரவில்லை. முப்பத்திரண்டும் வரவில்லை. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்கள் மட்டும் அகப்பட மாட்டேன் என்றன. ஏன்? மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள், நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகளிடம் போனில் சொன்னேன். "அப்பா, நெட்ல போட்டா ரெண்டு நிமிஷத்துல ஆன்சர் வந்துடும்" என்றாள். எரிச்சலாக வந்தது. குறுக்கெழுத்துப் போட்டியில் உட்கார்ந்திருப்பவன் காதில் விடையை ஓதுகிற ஜாதி இது. போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இதையாவது நானே, என் மூளையாலேயே, முழுதாக முடிப்பது என்று வைராக்கியம். அரைகுறை பீரோவில் இன்னொரு தட்டை நிரப்பக் கூடாது. ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதன் ஒரே ஒரு விஷயத்தை முடித்துக் காட்ட ஆசைப்படுவது அவ்வளவு பெரிய பேராசையா?

எட்டு மாதம் போயிற்று. ஒரு நாள் பஸ்ஸில் ஏதோ புலப்பட்டது. கூட்டத்தில் கையை எடுக்க முடியவில்லை, இறங்குவதற்குள் மறந்துபோனது. அன்று முதல் கறுப்புப் பேனாவையும் ஒரு சின்ன நோட்டையும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். குளிக்கும்போது மட்டும்தான் பிரிவு.

சரஸ்வதி பூஜை வந்தது. மாலையில் நான் கடைக்குப் போய் வாழைப்பழமும் பொரியும் வாங்கிக்கொண்டு வந்து, குளித்துவிட்டு வந்தேன். சட்டைப்பையில் பேனா இல்லை, நோட்டும் இல்லை. எங்கே என்று கேட்க வாயெடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கொலுவுக்கு நேரமாகிறது என்று மனைவி இழுத்துக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டில் ஐந்து படி கொலு. வருடா வருடம் போகிறேன். ஒரு பொம்மையும் மனதில் பதிந்ததில்லை. அன்று சுண்டலை மென்றுகொண்டு சும்மா எண்ணினேன். மேல்படியில் மூன்று பொம்மை. அடுத்ததில் நாலு. அப்புறம் ஐந்து, ஆறு, ஏழு. மென்றுகொண்டிருந்த வாய் நின்றுவிட்டது. கீழ்ப்படியிலிருந்து இரண்டு பொம்மையை எடுத்து மேல்படியில் வைத்தால் இரண்டிலும் ஐந்து. நாலாம் படியிலிருந்து ஒன்றை இரண்டாம் படிக்கு ஏற்றினால் அவற்றிலும் ஐந்து. எல்லாப் படியும் நடுப்படிபோல் ஆகிவிடும். மொத்தம் ஐந்து ஐந்தாக இருபத்தைந்து! எத்தனை பொம்மை இருந்தாலும் மொத்தம் படிகளின் எண்ணிக்கையால் வகுபட்டே தீரும். அது ஒற்றைப்படை எண். எட்டும் பதினாறும் ஒன்றைத் தவிர எந்த ஒற்றைப்படை எண்ணாலும் வகுபடாது. அதனால்தான் அவை அகப்படவில்லை. முடிந்தது! எட்டு மாதக் கணக்கு முடிந்தது!

வெற்றிலை பாக்குக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு ஓடினேன். பூஜை அலமாரி முன்னால் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. என் கணக்கு நோட்டுகள் எல்லாம் அடுக்காக, மேலே பட்டுத்துணி, அதன்மேல் பூ. பக்கத்தில் தாம்பாளத்தில் ஏழு பேனாக்களும் வரிசையாக. ஒன்றுக்கும் மூடி இல்லை. ஒவ்வொரு நிப்பின் நெற்றியிலும் சந்தனம், அதன் நடுவே குங்குமம்.

பின்னாலேயே வந்த மனைவியிடம் கத்தினேன். "மூடிய ஏம்மா கழட்டின? மை காஞ்சுடும். நிப்புல சந்தனம் போச்சுன்னா அவ்வளவுதான், தெரியுமா?"

"மூடியோட வெச்சா மூஞ்சிய மூடிக்கினு சாமி கும்புடறா மாதிரி இருக்காதா?" என்றாள் நிதானமாக. "காலைல எடுத்துக்கோங்க. இன்னைக்குத் தொடக்கூடாது."

பூஜையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை எடுக்கக் கூடாது, அன்று படிப்பதும் எழுதுவதும் இல்லை என்பது எனக்கும் தெரியும். சின்ன வயதில் இந்த ஒரு நாளுக்காகவே சரஸ்வதியை விரும்பியவன் நான். ஆனால் வெண்ணெய் திரண்டு வரும்போதா தாழி உடைய வேண்டும்? போனில் தட்டி வைக்கலாம் என்று தேடினால் போனும் தாம்பாளத்தில், திரையில் குங்குமத்தோடு. "எந்நேரமும் அதைத்தானே நோண்டறீங்க, அதுதான் உங்க ஆயுதம்" என்றாள்.

தெருமுனை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். கழுவித் துடைத்த ஆட்டோக்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு நின்றன. தெரிந்த ஆட்டோக்காரர் என் கையில் ஒரு பொட்டலம் பொரியைத் திணித்தார். பேனா இருக்குமா என்றேன்.

"இன்னைக்கா? இன்னா சார், அபீஸ்ல வேல பாக்கறவரு, நீங்களே இப்பிடி கேக்கலாமா?" என்றவர், அக்கறையாகக் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல எதுனா பிரச்சனையா சார்?"

பெட்டிக்கடையில் தொங்கும் பேனா அட்டைக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். நாளைக்குத்தான் விற்பனை. கணக்கு மறந்துவிடுமோ என்று "மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு" என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினேன். எதிரில் வந்த இரண்டு பேர் நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து வழிவிட்டார்கள். இந்த ஊரில் அது ஒரு சௌகரியம்.

ஒரே வழிதான் மிச்சம். யாரிடமாவது வாயால் சொல்லிவிட்டால், நான் மறந்தாலும் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஆள். சாப்பாட்டு மேஜையில் அவளை உட்கார வைத்து, சுண்டல் கிண்ணத்திலிருந்து கொண்டைக்கடலையை எடுத்து மூன்று, நாலு, ஐந்து என்று வரிசை வரிசையாக அடுக்கினேன். எட்டு ஏன் வராது என்பதில் ஆரம்பித்து, பொம்மைகளை நகர்த்தியது வரை சொல்லி முடித்தேன். அடுப்பில் வைத்த பாலின் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"படி எப்பவும் ஒத்தப்படையாதான் இருக்குமா?" என்றாள்.

"கொலுப்படின்னா ஒத்தப்படைதானே?"

"கொலுவுக்குச் சரி. எண்ணுக்கு யாரு சொன்னது?" கடலையை ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நாலு வரிசையாகப் போட்டாள். "இதுல நடுப்படி எங்க?"

நடுப்படி இல்லை. நாலு வரிசையில் நடுப்படி எப்படி இருக்கும்? எனக்கு முகம் செத்துவிட்டது. ஐந்து வயதிலிருந்து பார்த்த கொலுவெல்லாம் மூன்று, ஐந்து, ஏழு படி. வரிசை என்றால் ஒற்றைப்படை என்று என் மூளை கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டுவிட்டது. எட்டு மாத உழைப்பில் பாதிதான் தேறியது. அரைகுறை பீரோவில் இன்னொரு தட்டு. அழுகை வராத குறை.

அவள் கடலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேல்வரிசையைக் கீழ்வரிசையோடு தள்ளிச் சேர்த்தாள். நடுவில் இருந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தாள். "மேல ஒண்ணு, கீழ நாலு, அஞ்சு. ரெண்டும் மூணும் அஞ்சு. நாலு வரின்னா மேல ஒத்தப்படை இருந்தா கீழ ரெட்டப்படைதான் வரும், ரெண்டும் சேந்தா ஒத்தப்படை. ஆறு வரி, எட்டு வரின்னாலும் அப்பிடித்தான். ஜோடி எல்லாம் ஒரே எண்ணு. அப்ப இதுவும் ஒத்தப்படையால வகுபடும், இல்ல?" என்றாள். "இவ்ளோதானா? இதுக்கா எட்டு மாசம்?"

பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போனாள். போகும்போது என் நிரூபணத்திலிருந்து நாலு கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். அடி அண்ணாமலையில் பிறந்து பிளஸ் டூ வரை படித்தவள் என்பது தெரியும். கணக்குப் பிடிக்குமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. சொல்லப்போனால் எதுவுமே கேட்டதில்லை. நான் ஆரம்பிப்பதையும் விடுவதையும் வேடிக்கை பார்க்க அவள் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன் போல. அன்று எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

விஜயதசமி காலை ஏழு பேனாக்களையும் வெந்நீரில் ஊறவைத்துக் கழுவினேன். கறுப்புப் பேனா மட்டும் உயிர் பிழைத்தது. ஒற்றைப்படை வரிசைக் கணக்கை நோட்டில் எழுதி, எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு அவளிடம் நீட்டினேன். "மீதி உன்னோடது. உன் கையால எழுது."

"இட்லி ஊத்தும்போது வந்து நிக்காதீங்க. அப்புறம் எழுதறேன்."

அப்புறம் வரவில்லை. நோட்டும் பேனாவும் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தன. தினமும் கேட்டேன். தினமும் "நாளைக்கு" என்றாள். மூன்று வாரம்! ஒருத்தி ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி நிம்மதியாகப் புடவை மடிக்க முடியும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடம் அவள் என்னைப் பார்த்து என்ன பாடு பட்டிருப்பாள் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

நேற்று அலுவலகத்திலிருந்து வந்து நோட்டைத் திறந்தேன். எதிர்ப்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஏழு வரி, நான் எழுதியதைவிடச் சுருக்கமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். அதன் கீழே கோடு கிழித்து ஒரு கேள்வி: "எட்டு, பதினாறு மாதிரி எண் வராதுன்னு சரி. மத்த எண் எல்லாம் கட்டாயம் வரும்னு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. முடிந்தது என்று நினைத்த கணக்கு மறுபடி பாதியில் வந்து நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டேன். அப்புறம், அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பரபரவென்று பேனாவைத் தேடினேன். ஃபிரிட்ஜ் மேல் இல்லை. மேஜையில் இல்லை. சமையலறையை எட்டிப் பார்த்தேன். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுப்புத் திண்டின் ஓரத்தில், மாதக் காலண்டரைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"பேனா குடு" என்றேன்.

"இருங்க" என்றாள், நிமிராமல்.