கல்மண்டபத்து ஙொய்

அக்கா மகன் என் பழைய கேசட் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இயர்போனை என் காதில் மாட்டினான். "பின்னாடி ஒரே இரைச்சல் மாமா. சுத்தமா எடுத்துட்டேன், கேட்டுப் பாரு."

கேட்டேன். கிடார் இருந்தது, கீபோர்டு இருந்தது. நடுவில் யாரோ பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். லமினைக் காணவில்லை.

அந்த இரைச்சலுக்கும் எனக்கும் பழைய பகை. சொல்கிறேன்.

செல்போனில் பாம்பு விளையாட்டு ஆடிய காலம். ஹார்பருக்குப் பக்கத்துப் பேட்டையான கல்மண்டபத்தில், மீனுக்கு ஐஸ் விற்கும் கடை மாடியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ இருந்தது. ஈரச் சாக்கு வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மாடிப்படிதான். கானா, ஜெபப் பாட்டு, கட்சிப் பாட்டு எல்லாம் அங்கே பதிவாகும். நான் சவுண்ட் இன்ஜினியர். அதாவது, முதலாளி ஊரில் இல்லாத நாட்களில்.

ஹார்பரில் கிரேன் ஓட்டிய எட்வின், கல்யாணக் கச்சேரிகளில் கிடார் வாசிப்பான். ரிப்பேருக்கு வந்து நின்ற கப்பலின் சமையல்காரர் லமினை அவன்தான் கூட்டி வந்தான். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி நாட்டுக்காரர். அவரிடம் பாலஃபோன் என்றொரு வாத்தியம்: வரிசையாக மரக்கட்டைகள், ஒவ்வொன்றின் அடியிலும் காய்ந்த சுரைக்குடுக்கை. இரண்டு பேரும் சேர்ந்து ஓர் ஆல்பத்துக்குப் பாட்டுக் கட்டினார்கள். கிடார், கீபோர்டு எல்லாம் பதிந்தாயிற்று. பாலஃபோன் மட்டும் பாக்கி. அதற்குள் கப்பல் தயாராகிவிட்டது, சாயங்காலம் கிளம்புகிறது. முதலாளியோ வேலூரில், ஒரு கல்யாணத்தில்.

லமின் முதல் கட்டையைத் தட்டினார். ஹெட்போனில் 'ஙொய்' என்றது.

எர்த் கோளாறு என்று முடிவு கட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். டியூப்லைட்டை அணைத்தேன். வயர்களைப் பிடுங்கி மாற்றினேன். லமின் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, சந்தேகத்தின் பேரில் அவருக்கு என் ஹவாய் செருப்பை மாட்டிவிட்டேன். குதிகால் வெளியே நின்றது, மனுஷன் பொறுத்துக்கொண்டார். ஙொய்.

"இன்னா மாமு, டேப்புக்குள்ள வண்டு பூந்துகிச்சா?" என்றான் எட்வின்.

ஐஸ் உடைக்கும் மிஷின்தான் குற்றவாளி என்று கீழே ஓடினேன். "யக்கா, கொஞ்ச நேரம் நிறுத்துக்கா. ஒரு மனுசன் ஊருக்குப் போறான்."

"நீ பாட்டு புடிக்கிற வரைக்கும் மீனு நாறாம கெடக்குமா? போட்டுக்காரன் கேட்டா நீ வந்து பதில் சொல்றியா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்கார சரோஜாக்கா நிறுத்தினாள்.

மேலே வந்தேன். ஙொய். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

எல்லாம் அடங்கியது. லமின் மட்டும் நிறுத்தாமல் வாசித்தார். ஒரு வயருக்கும் உயிர் இல்லாத அறையில் 'ஙொய்' தெளிவாகக் கேட்டது.

"நைனா, அது பாட்டுக்குப் பாடிகினு கீது. நீ இன்னாடான்னா அதுக்கு வைத்தியம் பாத்துகினு கீற" என்றான் எட்வின்.

லமின் ஒரு குடுக்கையைத் திருப்பிக் காட்டினார். பக்கவாட்டில் சின்ன ஓட்டை; அதன்மேல் சிலந்திக் கூட்டிலிருந்து எடுத்து ஒட்டிய மெல்லிய சவ்வு. அது அதிர்ந்தால்தான் குரல். இல்லாவிட்டால், தனக்குத் தெரிந்த கொஞ்சம் இங்கிலீஷில் சொன்னார், வெறும் கட்டை.

கரண்ட் வந்ததும் எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிந்தோம். கடைசிப் பாட்டு முடிவதற்குள் சரோஜாக்காவின் பொறுமை முடிந்து, மிஷின் ஓடத் தொடங்கியது. அதுவும் டேப்பில் ஏறிவிட்டது. லமின் என் செருப்போடே கப்பல் ஏறினார்.

அந்த மாடி இப்போது கூரியர் குடோன். ஐஸ் கடை இல்லை, சரோஜாக்காவும் இல்லை. லமின் எந்தக் கடலில் இருக்கிறாரோ. எட்வினைப் போன வருஷம் காசிமேட்டுக் கல்லறையில் விட்டுவிட்டு வந்தோம்.

"அந்த இரைச்சலத் திரும்பப் போடுடா."

"அது குப்பை மாமா."

"போடுடா."

போட்டான். லமின் வந்தார். கடைசிப் பாட்டு வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஐஸ் மிஷின் ஓடத் தொடங்கியது. அதைக் கேட்டு, டேப்புக்குள் எட்வின் சிரித்தான்.