எந்த மலைப் பக்கம்?

என் தங்கை இருளாயிக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். இளையவள் தாமரைச்செல்வி. அவளை அவள் அப்பனின் தங்கை மகன் முத்துக்குமரனுக்குக் கொடுத்தோம். உசிலம்பட்டிப் பக்கத்துக் காட்டை விட்டுவிட்டு இரண்டு பேரும் மதுரை வில்லாபுரத்தில் குடித்தனம் போனார்கள். முத்துக்குமரனின் அக்காள் அன்னக்கொடியும் அங்கேதான் அடுத்த தெருவில் இருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம்.

பன்னிரண்டாவது முடித்த தாமரைச்செல்விக்குத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் திருப்பரங்குன்றத்தில் ஒரு பட்டறையில் பில் போடும் வேலை கிடைத்தது. அதுவும் அறுப்பு முடிகிற வரைக்கும்தான். முதலாளி வெங்கடரமணன் சௌராஷ்டிரக்காரர். அவர் அப்பா காலத்தில் வீட்டில் தறி ஓடியது. இவர் இரும்புக்கு மாறி, நெல் தூற்றுகிற மெஷின் செய்து விற்றார். மேலே நெல்லைக் கொட்டினால் உள்ளே விசிறி சுற்றிப் பதரை ஒரு பக்கம் ஊதித் தள்ளும்; நல்ல நெல் கீழே இறங்கும். காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி உண்டு.

மெஷின் எந்த ஊருக்குப் போனாலும் ஃபிட்டர் வீரணன் கூடவே போவார். ஓட்டிக் காட்டிவிட்டு, அவர்கள் போடும் கறிச்சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆர்டர் கூடியதும் ஒரே வீரணனை எத்தனை ஊருக்கு அனுப்புவது?

முதலாளி தாமரைச்செல்வியைக் கூப்பிட்டார். “மெஷினை எப்படி ஓட்டணும்னு ஒரு தாள் எழுதணும்மா. வாங்குறவன் அதைப் படிச்சே ஓட்டிரணும். மேலூர் சொசைட்டில மொத்தமா எடுக்குறேன்றாங்க. ஆனா மெக்கானிக் துணை இல்லாம ஓடுறதக் கண்ணால பாக்கணுமாம். தாள் சரியா வந்துச்சுன்னா அந்த வேலைக்கு உன்னையே நிரந்தரமா வச்சுக்குறேன். வரலேன்னா அறுப்போட நின்னுக்க.”

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரியே எழுதிக்கொண்டு போய்க் காலையில் நீட்டினாள். ‘மதிப்பிற்குரிய விவசாயப் பெருங்குடி மக்களே, வணக்கம்’ என்று தொடங்கியிருந்தாள். முதலாளி படித்தார், தாளைத் திருப்பினார், மறுபடியும் படித்தார்.

“என்னம்மா, மெஷினுக்கு நாம காதுகுத்தா வைக்கிறோம்? சுவிட்சு மூணாவது பத்தியிலதான் வருது. அதுக்குள்ள அவன் முறத்த எடுத்துத் தூத்தி முடிச்சுருவான்.”

பட்டறையே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டேதான் தாளைக் கிழித்தாள். பிறகு வீரணன் பின்னாலேயே திரிந்தாள். அவர் செய்வது ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதினாள். ஒரு வரிக்கு ஒரு வேலை, அதற்கு மேல் கிடையாது.

“நெல்லும் பதரோட பறந்தா என்ன செய்யணும்ணே?”

“கைப்பிடிய மலைப்பக்கம் தள்ளு தாயி. காத்து கொறஞ்சுரும்.”

அப்படியே எழுதிக்கொண்டாள். திருப்பரங்குன்றத்துக்காரர்களுக்கு மலைதான் திசை. வலது இடது யார் வாயிலும் வராது. லாரியை மலைப்பக்கம் ஒடி என்பார்கள், பெஞ்சை மலைப்பக்கம் நகர்த்து என்பார்கள். பட்டறையில் இருந்த அத்தனை பேரும் அந்தத் தாளைப் பார்த்து மெஷினை ஓட்டினார்கள். யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. முதலாளி பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

மேலூருக்குப் பக்கத்தில் கருத்தக்கண்ணன் என்ற சம்சாரிதான் முதல் மெஷினை வாங்கினார். சொசைட்டிக்காரர்கள் வந்து பார்ப்பதாகச் சொன்னதும் அவர் களத்தில்தான். முதல் தடவையாக மெஷின் கூடத் தாள் போனது, வீரணன் போகவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதில் பட்டறை வாசலில் ஒரு சத்தம். தலைமுடியெல்லாம் பதரும் கையில் தாளுமாகக் கருத்தக்கண்ணன் நின்றார்.

“யாருத்தா இத எழுதினது?”

தாமரைச்செல்வி எழுந்து நின்றாள். “நாந்தாண்ணே.”

“எந்த மலை?”

“என்னண்ணே?”

“மலைப்பக்கம் தள்ளுன்னு போட்டுருக்கியே, எந்த மலை? எங்க களத்துல நின்னு பாத்தா நாலு பக்கமும் மலை! நெல்லு லேசாப் பறந்துச்சு. சரி, பெரிய மலையாப் பாத்து ஒரு தள்ளு தள்ளுனேன். அம்புட்டும் பறக்குது! எம் பொண்டாட்டி கத்துறா. தாள்ல போட்டுருக்கேன்னு நான் இன்னும் தள்ளுறேன். பக்கத்துக் களத்துக் கோழியெல்லாம் நெல்லத் தின்னு தின்னு இப்ப நடக்க முடியாமக் கெடக்குது!”

வீரணன் வாயைப் பொத்திக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய்விட்டார். முதலாளிக்குச் சிரிப்பும் வந்தது, வியர்வையும் வந்தது. “வெள்ளிக்கிழமை சொசைட்டிக்காரங்க வாராங்கம்மா” என்று மட்டும் சொன்னார். வேலை கையை விட்டுப் போகிறது என்றுதான் தாமரைச்செல்வி நினைத்தாள். ஆனால் பஸ்ஸில் வரும்போது ஒரு விஷயம் பொறி தட்டியது. பட்டறையில் தாளை வைத்து ஓட்டிப் பார்த்தவர்கள் எல்லாருமே மெஷின் தெரிந்தவர்கள். யாரும் தாளைப் படிக்கவே இல்லை! தெரியாத ஆளாக ஒருத்தர் வேண்டும்.

இறங்கியவள் நேரே அன்னக்கொடி வீட்டுக்கு ஓடினாள்.

“மதினி, நாளைக்கு எங்க பட்டறைக்கு வாங்க.”

“எதுக்குடி?”

“உங்களுக்கு மெஷினப் பத்தி ஒண்ணுமே தெரியாதுல்ல, அதுக்குத்தான்.”

“இப்படி மரியாதையா யாருமே என்னயக் கூப்பிட்டதில்லடி. வாரேன்!”

மறுநாள் அன்னக்கொடி கையில் புதுத்தாளைக் கொடுத்துவிட்டுத் தாமரைச்செல்வி தள்ளி நின்றுகொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று தனக்குத்தானே சத்தியம். திறந்துவிடுமோ என்று முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அன்னக்கொடி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கைப்பிடிய வலது பக்கம் தள்ளவும். எந்தக் கைப்பிடிடி? இங்க ரெண்டுல்ல இருக்கு?” தாமரைச்செல்வி கடித்த முந்தானையை விடவில்லை. “ஏத்தா, ஊமையாயிட்டியா? சரி, வலது பக்கம்னா இங்கிட்டு நின்னா இது வலது, அங்கிட்டுப் போனா அது வலது. நான் எங்கிட்டுடி நிக்கட்டும்?”

தாமரைச்செல்வி முந்தானையை வாயில் வைத்தபடியே விறுவிறுவென்று எழுதினாள். காற்றுக் கைப்பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட். நெல் கொட்டும் வாய்க்கு நேரே நிற்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மதினி திணறுகிற இடமெல்லாம் அவளுக்குப் புதையல் மாதிரித் தெரிந்தது.

அன்னக்கொடி சுவிட்சைப் போட்டுவிட்டு, நெல் இறங்குகிறதா என்று குனிந்தாள். முந்தானை சரிந்து பெல்ட் பக்கம் போனது.

“மதினீ!” சத்தியமாவது ஒண்ணாவது. தாமரைச்செல்வி பாய்ந்து சுவிட்சை அணைத்தாள்.

அன்னக்கொடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். “கடைசி வரியில போட்டுருக்க, சேலை வேட்டிய இழுத்துச் செருகிக்கணும்னு. செத்தவளுக்கா எழுதியிருக்க? அத மொதல்ல போட வேணாமாடி?”

அந்த வரி தாளின் தலைக்குப் போனது, பெரிய எழுத்தில்.

வெள்ளிக்கிழமை கருத்தக்கண்ணன் களத்தில் நல்ல கூட்டம். சொசைட்டியிலிருந்து நல்லகாமன் என்பவர் சலவைச் சட்டையோடு வந்திருந்தார். “பட்டறை ஆளுக யாரும் பேசக் கூடாது” என்று முதலிலேயே சொல்லிவிட்டார். முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டார். தாமரைச்செல்வி முந்தானையைக் கடித்தாள்.

கருத்தக்கண்ணன் தாளைச் சத்தமாகப் படித்தார். வேட்டியை இழுத்துச் செருகினார். நெல் வாய்க்கு நேரே நின்றார். சுவிட்சைப் போட்டார். நெல்லைக் கொட்டினார். பதரோடு கொஞ்சம் நெல்லும் பறந்தது. அவர் பொண்டாட்டி, “ஆத்தி, மறுபடியுமா!” என்றாள். அவர் பதறவில்லை. அடுத்த வரியைப் படித்தார். “சிவப்புக் கைப்பிடியை உங்கள் வலது கைப்பக்கம் தள்ளவும்.” தள்ளினார்.

நல்ல நெல் சரசரவென்று கீழே கொட்டியது. பதர் மட்டும் மஞ்சள் புகையாகக் கிளம்பிப் போனது. கருத்தக்கண்ணன் தாளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, “மலையே வேணாம்டா!” என்று கத்தினார். களமே ஆர்ப்பரித்தது.

பதர் போன பக்கம் பார்த்தால், அங்கே நின்றுகொண்டிருந்தது நல்லகாமன். சலவைச் சட்டை, மீசை, புருவம் எல்லாம் பதர். மெஷினை நிறுத்தினார்கள். அவர் கண்ணைத் துடைத்தார், இரண்டு தடவை தும்மினார்.

“மெஷின எடுத்துக்குறோம்” என்றார். “ஆனா பாக்க வந்தவன் எங்க நிக்கணும்னு யாரும் எழுதலையா?”

முதலாளி வாயைத் திறப்பதற்குள் தாமரைச்செல்வி களத்து வரப்பில் உட்கார்ந்து பேனாவைத் திறந்துவிட்டாள்.

“கொஞ்சம் அப்படியே நில்லுங்க சார்” என்றாள். “எம்புட்டுத் தூரம்னு பாத்துக்குறேன்.”