மஞ்சள் தடவிய கவர்கள்

செல்லமுத்து அண்ணன் இறந்துவிட்டார். நேற்று காலையில் கடையைத் திறந்து, அயர்ன் பாக்ஸில் கரி போடும்போதே சரிந்துவிட்டாராம்... இன்று மதியம் எடுத்தாயிற்று.

நாமக்கல்லில் எங்கள் தெருமுனையில் அயர்ன் கடை வைத்திருந்தவர்.

பகலில் எங்கள் வீட்டில் ஆள் இருக்காது. அப்பா லாரிப் பட்டறையில், அம்மா பள்ளிக்கூடத்தில், நான் ஆபீஸில். கேட்டில் இருந்த தபால் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியதிலிருந்து, எங்கள் தபால் எல்லாம் அண்ணன் கடைக்குத்தான் போகும்.

பாதிக்கு மேல் குப்பை. ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எப்போதோ காலி செய்துபோன குடித்தனக்காரருக்கு வரும் பேங்க் கடிதம்... கெட்டி அட்டையாக வந்தால் எங்களைக் கேட்டுவிட்டு, மடித்த சட்டைக்குள் வைத்துத் தருவார்.

அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குள் ஒருமுறை பியூட்டி பார்லர் விளம்பரம். கேட்டதற்கு, "மடிப்பு நிக்கோணுமில்லீங்க. படம் உள்ளாறதான இருக்குது" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன் மூலையில் மஞ்சள் தடவிய கவர்கள் வர ஆரம்பித்தன. வாட்ஸ்அப்பில் வருவதை அப்பா ஜாதகம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். திருமணத் தகவல் மையத்தில் சொல்லித் தபாலில்தான் வரவழைப்பார்.

என் மனதில் யாரும் இல்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள், அந்தக் காரணமும் என்னிடம் இல்லை... ஒருநாள் அண்ணனிடம் போய், மஞ்சள் கவரை மட்டும் வீட்டில் கொடுக்காதீங்க என்றேன்.

"எத்தன நாளைக்குங்க சாமி?"

"பொங்கல் வரைக்கும்ண்ணா. அதுக்குள்ள நானே அப்பாகிட்ட சொல்லிடறேன்."

இரண்டு பொங்கல் போய்விட்டது.

கவர்களை மேசையில் விரித்த போர்வைக்கு அடியில் வைத்திருந்தார். அதன் மேல்தான் அப்பாவின் சட்டைகளையும் தேய்த்தார். அப்பா அவரிடமே போய்ப் புலம்பியிருக்கிறார்... "நம்ம புள்ளைக்கு ஒரு ஜாதகங்கூட வர மாட்டேங்குதுப்பா."

போன வாரம் துணி வாங்கப் போனபோது சொன்னார்: "அப்பாரு வண்டிச் சத்தம் கேட்டாலே குனிஞ்சுக்கறேனுங்க சாமி. பொங்கல்னீங்க... எந்த வருசப் பொங்கல்னு கேக்காம உட்டுட்டேன்."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அவர் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று அப்பாவும் நானும் போயிருந்தோம். கிளம்பும்போது அண்ணனின் மகள் ஒரு துணிப்பையோடு பின்னால் வந்தாள். "அக்கா தபாலுங்க. அவங்க கையிலதான் குடுக்கோணும்னு அப்பா சொல்லிட்டே இருப்பாருங்க."

அப்பாதான் கை நீட்டி வாங்கினார். பைக்குள் பார்த்தார். வண்டி ஹேண்டில்பாரில் மாட்டினார். வீடு வந்ததும் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இப்போது குளித்துக்கொண்டிருக்கிறார். நான் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயாவது கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

பதினேழு, பதினெட்டு கவர் இருக்கும். எல்லாம் தேய்த்த துணி மாதிரி தட்டையாக... ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அப்பா வெளியே வந்ததும் சொல்லிவிடுகிறேன் அண்ணா. காரணம் இல்லாமலே சொல்லிவிடுகிறேன்.

நீங்க இனிமே குனிய வேண்டாம். நிமிர்ந்து போய்ட்டு வாங்க.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.