தாலியை மறித்த மதுரை பஸ்

செல்லக்கனி ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எந்தப் புண்ணைக் கண்டும் முகம் சுளிக்காதவள். வீட்டுக்காரர் காசிராஜனின் கேமராவைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணப் போட்டோ எடுத்துப் பிழைக்கிற மனிதர் அதோடு நிற்கக் கூடாதா? ஒரு ரோலில் ராஜபாளையத்து மில் புகைபோக்கிகளை எடுப்பார். அதே ரோலை மறுபடி கேமராவில் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தையும் கடைவீதியையும் எடுப்பார். ஒன்றின்மேல் ஒன்று விழுந்த அந்தப் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்னும் நாலு தெருவை ஒட்டுவார்.

"ரெண்டு ஊரும் ஒரே ஊராயிட்டு, பாத்தியா?"

"அதுக்குத்தான் நடுவுல பஸ்ஸு விட்டிருக்கான். பத்தாதாக்கும்?"

ஃபிலிமின் நுனி நாக்கு உள்ளே போய்விட்டால் ரோலைத் திரும்பப் போட முடியாது என்பதால், சுற்றும்போது அதை வெளியே விட்டுவைப்பது அவர் பழக்கம். எடுத்த ரோலும் எடுக்காத ரோலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "குத்துன ஊசியப் புது ஊசியோட போட்டு வச்சா விளங்குமா?" என்று செல்லக்கனி பலமுறை சொல்லிவிட்டாள். காதில் ஏறினால்தானே!

தொண்ணூற்றெட்டில் சங்கரலிங்கம் மகள் தங்கபாய்க்குக் கல்யாணம். தாலி கட்டிய ரோலையே மறுநாள் புது ரோல் என்று நினைத்துக் கேமராவில் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றார் காசிராஜன். கழுவிப் பார்த்தால், மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். அவர் விலாவில் மதுரை பஸ் வந்து இடிக்கிறது. அந்த நேரத்துக்கு வேறு படம் கிடையாது.

"பதறாதட்டி. கம்ப்யூட்டர்ல பஸ்ஸ அழிச்சிருவேன்."

ஒரு வாரம் உட்கார்ந்து அழித்தார். பஸ் போயிற்று. கூடவே தாலியும் போயிற்று. மாப்பிள்ளை கையில் ஆறு விரல்.

"ஆறாவது வெரலுக்கு யாரு ஆபரேசன் பண்ணுவா? நானா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு படத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனாள். கெட்ட சேதியை மென்று முழுங்கக் கூடாது. நடந்ததை அப்படியே சொன்னாள்.

"ஏலே காசிராஜா, எம்மவ தாலி எங்கலே?" என்று குதித்தார் சங்கரலிங்கம்.

"அண்ணாச்சி, ஒரு வகையில பாத்தா ரெண்டு ஊரும்..."

"நீங்க வாயத் தொறக்காதிய" என்றாள் செல்லக்கனி.

தங்கபாய் இரண்டையும் செத்த நேரம் பார்த்தாள். "இது யாரு கையோ! பஸ்ஸு இருக்கதுல தாலி தெரியுதுக்கா. அதையே ஆல்பத்துல வைங்க."

"நாலு பேரு சிரிப்பான்ட்டி!"

"சிரிச்சா சிரிக்கட்டும்ப்பா. கட்டுனது தெரியணும்லா?"

வீட்டுக்குத் திரும்பும்போது காசிராஜன், "அந்தப் பிள்ளைக்குப் புரிஞ்சிட்டு பாத்தியா" என்றார். அன்றிலிருந்து கல்யாண ரோல் எதுவானாலும் முதலில் செல்லக்கனி கைக்குத்தான் வரும். நாக்கை உள்ளே தள்ளி, மேலே பிளாஸ்திரி ஒட்டிவிடுவாள். ஊர்ப் படத்து ரோல்கள் மட்டும் மேஜைமேல் நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும், அவளுக்குப் பழிப்புக் காட்டுவதுபோல.