வீட்டுக்கு ஏறும் மேடு

கிண்ணியா லொறிக்காரர் ஸைனுலாப்தீனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. கடையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் எழும்பிவிடுவார். இன்னொரு லொறி தன்னை முந்திவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அந்த எரிச்சலில்தான் திருகோணமலை டவுனில் லொறி திருத்தும் பேணாட் பாஸின் கராஜுக்குப் போனார். பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பழைய டிபரன்சல் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வேகமாக ஓடக்கூடிய ஒன்றைப் போடச் சொன்னார்.

"ஓட்டம் கூடும், ஆனா இழுவை குறைஞ்சிடும். போற வழியில மேடு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார் பேணாட்.

"கொழும்பு வரைக்கும் நினைச்சுப் பாத்திட்டன். நம்ம லொறிக்கு அதெல்லாம் ஒரு மேடா? கதையை விட்டிட்டுப் பூட்டுங்க!"

துறைமுகத்தில் கோதுமை மா மூட்டை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பறந்தார். சீமெந்துப் பாரத்தோடு திரும்பும்போதும் முன்னால் போன லொறிகளையெல்லாம் முந்தினார். கந்தளாயில் சாப்பிடக்கூட நிற்கவில்லை. கடைசியில், கிண்ணியாத் துறையில் வாகனங்களை ஏற்றிக் கடக்கும், ‘பாதை’ என்று ஊரார் சொல்லும் மிதவையில் லொறியை ஏற்றினார். அது ஊர்ந்த நேரம் முழுக்க ஸ்டேரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பாதை கிண்ணியாக் கரையைத் தட்டியது. கரையேறும் மேட்டில் லொறி முக்கியது, கிளச் புகைந்தது, முதல் கியரிலேயே எஞ்சின் நின்றுபோனது. மறுபடி மறுபடி உதைத்தும் ஏறவில்லை. லொறியின் பின்சக்கரங்கள் இன்னும் மேலேயே நின்றதால் பாதை திரும்பிப் போக ஏலாமல் கிடந்தது. வழியில் அவர் முந்திய கிண்ணியா லொறிகள் ஒவ்வொன்றாக அக்கரைக்கு வந்து ஹோர்ன் அடிக்கத் தொடங்கின.

சத்தம் கேட்டு வந்த மனைவி பல்கீஸ் மேட்டின் மேலே நின்று பார்த்தாள்.

"கொழும்புத் தெருவெல்லாம் நினைச்சுப் பாத்தீங்க. வீட்டுக்கு வாற மேடு மட்டும் நினைப்பில வரல்லையா?"