ஜன்னல் கம்பியில் என் கருப்பை

மூன்றாவது கருவும் நான்காம் மாதத்தில் கலைந்தபோது, என் கணவரின் தாயான மாமி ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். போர் முடிந்தபின் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து, எங்கள் பேச்சில் 'காம்ப்'பிலிருந்து, ஊர் திரும்பிய குடும்பம் என் தாய்வீட்டாருடையது. "காம்பிலை ஊசி போட்டு அவளின்ரை வயித்தைக் கருக்கிப்போட்டாங்கள்" என்று கருவாடு காயவைக்கும் பெண்களிடமெல்லாம் சொன்னார். அவர்களும் நம்பினார்கள். திரும்பி வந்தவர்களின் எந்த நோய்க்கும் அப்போது முகாமே விலாசம்.

அடுத்து என் கணவரிடம், "உயிலங்குளத்திலை தாய் வீட்டிலை கொண்டுபோய் விட்டிட்டு வா" என்று சொல்லத் தொடங்கினார். அவர் மறுக்கவில்லை, கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருந்தார்.

நான் தனியே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில், ஒரே அறையாக இருக்கவேண்டிய கருப்பை நடுச்சுவரொன்றால் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஸ்கானும் அதையே உறுதிப்படுத்தியது.

"இது நீங்கள் தாயின்ரை வயித்துக்குள்ளை இருக்கேக்கையே வந்தது" என்றார் டொக்டர். "ஊசியுமில்லை, சாபமுமில்லை. சுவரிலை ஒட்டின கருவுக்குப் போதிய ரத்தம் கிடைக்காது. அந்தச் சுவரை மட்டும் வெட்டி எடுக்கலாம்."

பிறந்த நாள் முதல் என்னோடிருந்த அந்தச் சுவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை வேறொருவருக்காகப் பத்திரப்படுத்தினேன்.

அந்த மாதம், வீட்டுத்திட்டத்தில் கட்டிய எங்கள் வீட்டைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் பங்குப் பாதிரியாரான சுவாமி வந்தார். கருவாட்டுப் பெண்களும் விறாந்தையில் கூடியிருந்தார்கள்.

"நல்ல காரியம், நீ அறைக்குள்ளை இரு பிள்ளை" என்றார் மாமி.

இருந்தேன். தீர்த்தம் தெளிக்கத் தொடங்கியதும் வெளியே வந்து, விறாந்தை ஜன்னல் கம்பியில் எக்ஸ்ரே படத்தைக் கட்டினேன். பின்னாலிருந்து வெயில் பாய, இரண்டு வெள்ளைக் கொம்புகளும் நடுவே கறுத்த சுவரும் துலங்கின.

"இதென்ன பிள்ளை?" என்றார் சுவாமி.

"என்ரை கருப்பை, சுவாமி. சுவரோடையே பிறந்தது. மாமி ஊசி எண்டு சொல்லித் திரியிறா. இதையும் ஒருக்கா மந்திரிச்சு விடுங்கோ."

கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி மாமியிடம், "ஏன் மச்சாள், காம்பிலை சுவரும் கட்டிக் குடுக்கிறவையே?" என்றாள். விறாந்தையே சிரித்தது. சுவாமி சிரிக்காமல் படத்தின்மேல் தீர்த்தம் தெளித்தார். அன்று மாலை கணவர், சத்திரசிகிச்சைக்கு எப்போது போகவேண்டும் என்று கேட்டார்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பவள் நான்தான், இதமாகவே தேய்க்கிறேன்.

"அந்தப் படத்தைக் கழட்டன் பிள்ளை" என்பார்.

"ஊசிக் கதை சொன்ன வீடுகளுக்கெல்லாம் போய் மாத்திச் சொல்லுங்கோ மாமி. பிறகு கழட்டுறன்."

ஒரு வீடுதான் மிச்சம்: அவருடைய தங்கையின் வீடு. அங்கு போக அவருக்குக் கால் வருவதில்லை. படம் வெயிலில் மங்கத் தொடங்கியதால், அதற்கொரு பொலித்தீன் உறை போட்டிருக்கிறேன்.